பயனாளிகள்: இல்லை

ஏப்ரல் 2, புதன்

இன்று தீர்மானம் எண் 41-ஐத் தட்டச்சு செய்தேன். மேலக்கரை நகராட்சி நீச்சல் குளத்தை ஒரு தனியார் உடற்பயிற்சி நிறுவனத்துக்கு மூன்றாண்டு குத்தகைக்கு விடுகிறார்கள். காலை ஆறு முதல் எட்டு வரை பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நடக்கும் இலவச நீச்சல் வகுப்பு மே முதல் தேதியோடு நிறுத்தப்படுகிறது. காரணம், 'பயனாளிகள் எவரும் இல்லாத நிலையில்.' ஆட்சேபணை இருந்தால் ஏப்ரல் 25க்குள் தெரிவிக்கலாம்.

எவரும் இல்லையாம். காலையில் பால் வாங்கப் போகும் வழியில்தான் அந்தக் குளம். சுற்றுச்சுவருக்கு உள்ளேயிருந்து வரும் கூச்சல் பால் பூத் வரை கேட்கும். இன்றும் கேட்டது. "காலை மடக்காதட்டி. தவளைக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையே" என்று அமலோற்பவம் டீச்சர் யாரையோ வைதுகொண்டிருந்தார். இருபத்தாறு வருடமாக அந்தக் குரல் அங்கே இருக்கிறது. இவர்கள் காதில் மட்டும் விழவில்லை.

போன மே மாதம் தடுப்பணையில் இரண்டு பெண்பிள்ளைகள் போனார்கள். துணி துவைக்க வந்தவர்கள், பதின்மூன்றும் பதினைந்தும். ஒருத்தி வழுக்கினாள், மற்றவள் கை கொடுத்தாள். கரையிலிருந்து பத்தடி தூரம்கூட இல்லை. அதற்கு நகராட்சி செய்தது ஒரு பலகை வைத்ததுதான்: 'ஆழமான பகுதி. இறங்காதீர்.' அந்தப் பிள்ளைகள் இருவரும் படிக்கத் தெரிந்தவர்கள். பலகை அப்போதே இருந்திருந்தாலும் வாசித்துவிட்டுத்தான் மூழ்கியிருப்பார்கள்.

'எவரும் இல்லை' என்ற தகவல் எங்கிருந்து வந்தது, எந்த மடையன் எழுதினான் என்று தெரியவில்லை. தெரிந்தால் நல்லது.

ஏப்ரல் 3

நீச்சல் குளக் கோப்பு கண்காணிப்பாளர் மேசையில் இருக்கிறது. எடுத்துப் பார்த்திருக்கலாம். வரி நிலுவைப் பட்டியல் அனுப்ப வேண்டியிருந்ததால் நேரமில்லை. அம்மாவுக்கு மூட்டுவலித் தைலம் வாங்கினேன்.

ஏப்ரல் 5, சனி

விடுமுறை. பால் பாத்திரத்தோடு குளத்துக்குள் போனேன். ஊரார் அமலம் என்று சுருக்கிக் கூப்பிடும் டீச்சர் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் என்று சொன்னேன். அவருக்கு ஐம்பத்தேழு வயது. நைட்டிக்கு மேல் ஒரு பழைய ரெயின்கோட், கழுத்தில் விசிலும் ஜெபமாலையும். மணப்பாட்டுப் பக்கம் கடற்கரையில் பிறந்தவர்.

"தீர்மானம் போட்டாச்சு. இப்ப என்ன, தண்ணிய அளக்க வந்தியா பிள்ள?"

"ஒரு விவரம் கேட்கத்தான் டீச்சர். தினமும் எத்தனை பேர் வர்றாங்க?"

"அங்கன பாத்து எண்ணிக்க."

அவர் காட்டிய இடத்தில், சுற்றுச்சுவரை ஒட்டிய சிமெண்ட் மேடையில், செருப்புகள் வரிசையாக இருந்தன. ரப்பர் செருப்பு, பள்ளிக்கூட ஷூ, தைத்துத் தைத்துப் போட்ட தோல் செருப்பு. ஒவ்வொரு ஜோடியும் குதிகால் சுவரைத் தொடும்படி வைக்கப்பட்டிருந்தது. டீச்சரிடம் பதிவேடு கிடையாது. உள்ளே வருகிறவர் செருப்பை அங்கே விட வேண்டும், கரையேறிப் போகும்போது எடுக்க வேண்டும். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் டீச்சர் மேடையைப் பார்க்கிறார். ஒரு ஜோடி மிச்சமிருந்தால் ஒரு ஆள் தண்ணீரில் இருக்கிறது என்று அர்த்தம். வெறுங்காலோடு வருகிற பிள்ளைகளுக்குக் கொடுக்கவே ஒரு சாக்கு நிறையப் பழைய செருப்பு வைத்திருக்கிறார்.

"பதிவேடு போட்டால் என்ன டீச்சர்?"

"போட்டுத்தான் பாத்தேன். நான் சேந்த மறுவருசம். முப்பத்திரெண்டு பிள்ளைய உள்ள வந்ததுக்குக் கையெழுத்து, முப்பத்திரெண்டு வெளிய போனதுக்கும் கையெழுத்து. கதவைப் பூட்டிட்டேன். வெளிய ஒரு ஜோடி செருப்பு கெடக்கு. ஒருத்தி கூட்டுக்காரிக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருக்கா. தொறந்து ஓடுனா, அந்தப் பிள்ள மூலையில ஏணியக் கட்டிப் பிடிச்சிட்டு நிக்கி. சத்தம் போடத் தெம்பில்ல. ஒதடு நீலம் பூத்துப் போச்சு. அன்னைக்கே அந்த நோட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டேன். கையெழுத்து வெளிய போயிரும் பிள்ள, ஆளு உள்ள கெடக்கும்."

ஜன்னத் அக்காவை அப்போதுதான் பார்த்தேன். பீடி சுற்றுகிறவர். இரண்டு மகள்களையும் இங்கே விட்டு, கடைசி பேட்சில் தானும் இறங்குகிறார். நனைந்த சுடிதார் மேல் புர்காவைப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார். "கம்பெனிக்காரன் வந்து பாத்துட்டுப் போனான் மேடம். இனி நீச்சல் உடுப்பு போட்டாத்தான் உள்ள விடுவானாம். தொடை தெரியுற உடுப்பு. அதப் போட்டுட்டு நான் என் மாமியா முன்னால எப்படி வீட்டுக்குப் போக?"

டீச்சர் சொன்னார்: "நீ போட்டுட்டுப் போ. மாமியா அன்னைக்கே மவுத்து."

ஒவ்வொரு பேட்ச் வந்தபோதும் எண்ணியிருந்தேன். மொத்தம் எண்பத்தொரு ஜோடி.

ஏப்ரல் 7, திங்கள்

கண்காணிப்பாளர் குற்றாலிங்கம் சாரிடம் கேட்டேன். எண்பது பேர் வருகிற இடத்தில் பயனாளி இல்லை என்று எப்படி எழுதினார்கள்?

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தணிக்கையில கேட்டாவல்லா தாயி, பிப்ரவரியில. பதிவேட்டின்படி பயனாளிகள் எண்ணிக்கைன்னு ஒரு கட்டம். அதுல இல்லைன்னு போயிருக்கு. கம்பெனிக்காரன் அதத் தேடிப் பிடிச்சு மேல குடுத்திருக்கான். சும்மா கெடக்க குளம்னு சொல்லிட்டான்."

"டீச்சர் எண்ணிக்கை அனுப்பவே இல்லையா?"

"அனுப்புச்சு. என்னத்த அனுப்புச்சு?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார். "செருப்பக் கணக்கெடுத்து அனுப்புச்சு. செருப்புன்னு எழுதி ஆணையர் மேசையில வைக்க முடியுமா? ஒனக்குத் தெரியாததா?"

பிப்ரவரி மாதம் இந்த அலுவலகத்தில் மனிதர்கள் இருப்பதில்லை, படிவங்கள்தான் இருக்கின்றன. நூற்றுப் பதினான்கு தணிக்கைக் குறிப்புகளுக்கு ஒன்பது நாளில் பதில். யாரோ ஒரு எழுத்தர் இரவு ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு கட்டத்தை நிரப்பியிருக்கலாம். அது ஒரு பக்கம். அந்த ஒரு சொல்லை வைத்து, இருநூறு அடி தூரத்தில் இருக்கும் குளத்தை ஒருமுறைகூட எட்டிப் பார்க்காமல் தீர்மானம் போட்டார்களே, அவர்களை என்ன சொல்வது?

ஏப்ரல் 9

தூக்கம் வரவில்லை. ஒரு நாவலை எடுத்துப் பாதியில் மூடினேன். கதாநாயகி கிணற்றடிக்குப் போகிறாள். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரியும். நான் படித்த புத்தகங்களில் ஆண்கள் ஆற்றைக் கடக்கிறார்கள், வெள்ளத்தில் குதித்து யாரையாவது காப்பாற்றுகிறார்கள். பெண்கள் தண்ணீரில் இறங்கினால் சாவதற்குத்தான் இறங்குகிறார்கள். எழுதியவர்களில் ஒருவருக்காவது அவளுக்கு நீச்சல் தெரிந்திருக்கக் கூடாதா என்று தோன்றவில்லை.

எனக்குப் பத்து வயதில் மூன்று மாதம் அதே குளத்தில் மிதக்கத் தெரிந்தது. மல்லாந்து கிடந்தால் காதுக்குள் தண்ணீர் போய் ஊர்ச் சத்தமெல்லாம் அடங்கிவிடும். பிறகு பெரிய மனுஷியானேன். "இனிமே அங்க என்ன சோலி" என்றாள் அம்மா. அதோடு சரி. டீச்சருக்கு என் முகம் நினைவில்லை. நானும் சொல்லவில்லை.

கறுப்பு நிறத்தில் ஒரு முரட்டுத் துணிச் சுடிதார் வாங்கினேன். அலுவலகத்துக்கு.

ஏப்ரல் 12, சனி

மனு எழுதிக் கொடுத்தேன். ஜன்னத் அக்கா கையெழுத்து வாங்குவதாகச் சொன்னார். எண்பது கையெழுத்து போதும், ஆணையரால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தேன். எனக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும்?

டீச்சர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒருத்தியும் போட மாட்டா."

"ஏன் டீச்சர்? அவங்களுக்காகத்தானே?"

"அந்தா மூணாவது செவத்த செருப்பு. அவ வீட்டுக்காரனுக்கு அவ கோயிலுக்குப் போறான்னு நெனப்பு. பக்கத்துல கெடக்கே, அது வாக்கிங் போகுது. இவ தையல் கிளாஸ்ல இருக்கா. பேரு எழுதுற எடமா இருந்தா பாதிப் பேரு மொதல் நாளே வந்திருக்க மாட்டாளுவ. செருப்புல பேரு இல்லல்லா?"

ஜன்னத் அக்கா மட்டும் முதல் கையெழுத்தைப் போட்டார். "என் வீட்டுக்காரர் துபாய்ல இருக்காரு. அங்க இருந்து எட்டிப் பாக்கட்டும்" என்றார்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. உயிர் பிழைக்கக் கற்றுக்கொள்வதைத் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. தையல் கற்கிறேன் என்று சொன்னால் வீட்டில் காபி போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

ஏப்ரல் 15

மனுவில் பதினொரு கையெழுத்து. ஆணையர் வாசித்துவிட்டு, "பதினொரு பேருக்கு ஒரு குளமா?" என்று கேட்டாராம்.

ஏப்ரல் 16, புதன்

கோப்பை எடுத்தேன்.

டீச்சர் பிப்ரவரியில் அனுப்பிய பதில் பக்கம் 63-இல் நூலில் கோத்துக் கிடக்கிறது. நாள்காட்டித் தாளின் பின்பக்கம். 'ஐயா, பதிவேடு கிடையாது. செருப்பு எண்ணுகிறோம். ஜனவரி மாதம் தினம் 74 முதல் 90 ஜோடி. ஒருவரும் மூழ்கவில்லை. இப்படிக்கு அமலோற்பவம்.' ஓரத்தில் தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. அன்று இந்தத் தாளைப் பிரிவு முழுக்கக் கைமாற்றிச் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

பக்கம் 64-இல் படிவம். கட்டம் 7, பயனாளிகள் எண்ணிக்கை: இல்லை.

தட்டச்சு செய்ததல்ல, கையால் எழுதியது. நீல மை. கடைசி எழுத்தின் சுழியை அப்படி உள்ளுக்கு மடித்துப் போடுகிறவர்கள் அலுவலகத்தில் வேறு யாரும் கிடையாது. ஐந்தாம் வகுப்பில் அதற்காகவே எனக்குக் கையெழுத்துப் பரிசு கொடுத்தார்கள்.

கீழே ஐந்து கையெழுத்துகள். எனக்கு மேலுள்ள உதவியாளர், கண்காணிப்பாளர், மேலாளர், பொறியாளர், ஆணையர். ஒருவரும் பக்கம் 63-ஐப் புரட்டவில்லை.

ஏப்ரல் 17

குற்றாலிங்கம் சாருக்கு முதலிலிருந்தே தெரியும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வீட்டில் கொடுத்துவிட்ட மாவடுவில் இரண்டை என் டப்பா மூடியில் வைத்தார்.

"தாயி, ஒனக்குத் தகுதிகாண் பருவம் எப்ப முடியுது?"

"ஜூன் பத்து சார்."

"ரெண்டு மாசம். பேசாம இரு. இப்ப போய் நான்தான் தப்பா எழுதுனேன்னு குறிப்பு வச்சா, மெமோ குடுப்பாவ. பருவத்தை நீட்டுவாவ. வேலையே போனாலும் போகும். ஒங்க அப்பா இருக்காரா என்ன, பாத்துக்கிடுறதுக்கு?"

"அப்ப குளம்?"

"குளம் எங்கயும் போகாது. தண்ணி அங்கனதான் கெடக்கும்."

"பிள்ளைங்க ஆத்துக்குப் போவாங்க சார்."

அவர் மாவடுவைக் கடித்தார். "என் கையெழுத்தும் அதுல இருக்கு பாத்துக்க" என்றார். புத்திமதி சொல்ல வந்தார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம்.

நான்கு வருடம் படித்து வாங்கிய வேலை. அம்மா இன்னமும் பக்கத்து வீட்டில் 'கவர்மெண்ட்ல இருக்கா' என்று அழுத்திச் சொல்கிறாள்.

ஏப்ரல் 19

பால் வாங்க வேறு தெரு வழியாகப் போனேன். அங்கேயும் விசில் கேட்டது.

ஏப்ரல் 21, திங்கள்

குறிப்பு வைத்தேன். எட்டு வரி. பக்கம் 63-இன் நகலை இணைத்தேன். நேரில் எண்ணிச் சரிபார்க்கக் கோரினேன். குற்றாலிங்கம் சார் அதை வாங்கிக்கொள்ள மறுத்ததால் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினேன்.

வீட்டில் சொல்லவில்லை. அவியல் வைத்தேன். உப்பு கூடிவிட்டது.

ஏப்ரல் 23, புதன்

சரிபார்க்க வருவாய் ஆய்வாளரை அனுப்பினார்கள். நல்ல மனிதர், தொப்பை போட்டவர், காலை ஆறே முக்காலுக்கே அட்டையும் படிவமுமாக வந்துவிட்டார். அமலம் டீச்சர் கதவில் குறுக்கே நின்றார்.

"உள்ள பொம்பளைய குளிக்காவ. ஆம்பளைய எட்டு மணிக்கு மேலதான்."

"எட்டு மணிக்கு மேல வந்தா ஒருத்தரும் இருக்க மாட்டாங்களேம்மா. நான் எதை எண்ண?"

"அதா கெடக்கு. அத எண்ணுங்க."

அவர் மேடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். தன் ஷூவைச் சற்றுத் தள்ளிக் கழற்றி வைத்துவிட்டு, குனிந்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு பேட்சுக்கும் இப்படியே. கடைசியில் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எண்பத்தேழு. ஒண்ணு மட்டும் ஒத்தையா கெடக்கே?"

"நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். அரை ஆளுன்னு போடுங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் எழுதினார்: 'நேரில் எண்ணியதில் பாதணிகள் 87 ஜோடி.' செருப்பு என்று எழுத அவருக்கும் மனம் வரவில்லை. பாதணி என்றால் கோப்புக்குள் வரலாம் போலிருக்கிறது. பிப்ரவரியில் எனக்கு இந்தச் சொல் தோன்றியிருந்தால்? தோன்றவில்லை. சத்தியமாக, ஒரு நிமிடம்கூட நான் சொல்லைத் தேடவே இல்லை.

ஏப்ரல் 28, திங்கள்

நகர்மன்றக் கூட்டம். குத்தகை உண்டு, ஆனால் காலை ஆறு முதல் எட்டு வரை நீங்கலாக. இலவச வகுப்பு 'மறு உத்தரவு வரும் வரை' தொடரும். உடுப்பு விதி அந்த நேரத்துக்குப் பொருந்தாது. ஒரு உறுப்பினர் எழுந்து, இந்த வகுப்பைக் காப்பாற்றியது தாங்கள்தான் என்று பேசினார். மேசையைத் தட்டினார்கள்.

நாலரை மணிக்கு என் மேசையில் ஒரு உறை. குறிப்பாணை. தவறான தகவல் அளித்து நகராட்சிக்கு அவப்பெயர் ஏற்படுத்தியதற்காக என்மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும்.

குளத்தை மூடத் தீர்மானம் போட்டபோது வராத அவப்பெயர், தப்பு என்று சொன்னபோது வந்துவிட்டது.

ஏப்ரல் 29

ஆறரைக்குப் போய் டீச்சரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அவருக்குத் தெரியாது. தினமும் பால் வாங்க அந்த வழியில்தான் போக வேண்டும்.

"டீச்சர், பிப்ரவரியில உங்க தாளைப் பாத்துட்டு இல்லைன்னு எழுதினது நான்தான்."

அவர் மிதவைப் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"நீயா?"

"ஆமா."

"செருப்பு எண்ணிட்டு நின்னியே, அன்னைக்கும் தெரியுமா ஒனக்கு?"

"அன்னைக்குக் கோப்பைப் பாக்கல." அது பொய்யல்ல. உண்மையும் அல்ல.

"இருபத்தாறு வருசமா தொகுப்பூதியத்துல கெடக்கேன். நிரந்தரம் பண்ணுங்கன்னு எழுதுனா, பணியிடம் இல்லைன்னு பதிலு. பம்ப் மாத்துங்கன்னா, நிதி இல்லை. அதெல்லாம் சரி, எனக்கு இல்லை. நான் தாங்கிக்கிடுவேன். இத்தன பிள்ளைய மூச்சுப் பிடிச்சிட்டுத் தண்ணிக்குள்ள கெடக்குதுவ, அதுவளையும் இல்லைன்னு எழுதிட்டியே. அந்தத் தாள நீ கிழிச்சுப் போட்டிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வருத்தமில்ல."

"மன்னிச்சிருங்க டீச்சர்."

"மன்னிப்பெல்லாம் ஞாயித்துக்கிழமை பூசையில கேளு. அடுத்த பேட்ச் வருது. தள்ளி நில்லு, நனைஞ்சிருவ."

அவ்வளவுதான். என் வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தே குறிப்பு வைத்தேன், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். யாரும் வாசிக்காத நோட்டு இது, அதனால் எழுதி வைக்கிறேன். வழியெல்லாம் அவர்மேல் கோபமாக வந்தது. பால் பூத் வந்ததும் போய்விட்டது. அவர் சொன்னதில் எதை மறுக்க முடியும்?

மே 2, வெள்ளி

விளக்கம் கொடுத்துவிட்டேன். மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் பணிச்சுமை, அவசரம், தாயாரின் உடல்நிலை எல்லாம் இருந்தன. குற்றாலிங்கம் சார் ஒரு மாதிரி வரைவே எழுதிக் கொண்டுவந்திருந்தார். 'இனி இத்தவறு நிகழாது எனப் பணிந்து' என்று அழகாக முடிந்திருந்தது. நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

நான் கொடுத்ததில் இரண்டே பத்தி.

'என்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது எனக் கேட்கப்பட்டுள்ளது. எடுக்கலாம். பயிற்றுநர் அனுப்பிய எண்ணிக்கை என் கையில் இருந்தது. அது எழுதப்பட்ட விதத்தைக் கண்டு சிரித்தேன். பிறகு இல்லை என்று எழுதினேன்.

அந்தப் பக்கத்தில் என் எழுத்துக்குக் கீழே ஐந்து அலுவலர்களின் கையொப்பங்கள் உள்ளன. முந்தைய பக்கத்தைப் புரட்டாமல் ஒப்பமிட்டதற்காக அவர்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என அவர்களிடமும் விளக்கம் கோரப்பட வேண்டும்.'

சார் அதை நின்றபடியே வாசித்தார். காது சிவந்துவிட்டது. "ஏம்மா, அஞ்சுல ஒண்ணு நான்."

"ஆமா சார்."

"ரெண்டாவது பத்திய எடுத்துரு தாயி. மொத பத்தி போதும். ஒனக்கு நல்லதுக்குச் சொல்லுதேன்."

"முதல் பத்தியை மட்டும் வச்சா அது பாதிதான் சார்."

தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். கிழித்துவிடுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, கண்காணிப்பாளர் வழியாக என்ற இடத்தில் சுருக்கொப்பம் போட்டு, தேதியும் போட்டார். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டுத்தான் போட்டார்.